‘டோபா அஞ்சில் போகுது’ என்றால் குழந்தைக்குள் எவ்வளவு போகிறது?

குழித்துறைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் நர்ஸாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். குழந்தை 8 கிலோ. ரத்த அழுத்தத்தை ஏற்றும் டோபமின் (வார்டில் ‘டோபா’ என்போம்), கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம் என்று ஆர்டர். 50 மில்லி சிரிஞ்ச், பம்பில் ஓட்ட வேண்டும். சீனியர் அக்கா ‘எடையை மூணால பெருக்கு, அத்தனை மில்லிகிராம் எடுத்து அம்பது மில்லியாக்கு, அஞ்சில் ஓட்டு’ என்கிறாராம். நைட் டியூட்டி டாக்டர் ‘ரெண்டு மில்லி டோபமின் எடுத்து அம்பதாக்கு, ஒன்றரையில் ஓட்டு’ என்கிறாராம். எது சரி என்பது கேள்வி.

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஒருவர் கலந்த சிரிஞ்சை மற்றவர் சொன்ன வேகத்தில் ஓட்டினால்தான் வம்பு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். நான் மார்த்தாண்டத்துக்காரி. நாகர்கோவில் பக்கத்திலும் திருவனந்தபுரத்திலுமாகக் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் நின்றிருக்கிறேன். உங்கள் வார்டில் எழுதி ஒட்டிய விதிமுறை இருந்தால் அதுதான் முதலில். நான் சொல்வது அதைப் புரிந்துகொள்வதற்காக.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். நம் ஊரில் சாதாரணமாக வரும் டோபமின் ஆம்பியூல், அதாவது உடைத்து எடுக்கும் கண்ணாடிக் குப்பி, 5 மில்லி, அதற்குள் 200 மில்லிகிராம். மில்லிக்கு 40 மில்லிகிராம் ஆயிற்று. அக்கா சொன்னபடி 8 × 3 = 24 மில்லிகிராம். அதற்கு 0.6 மில்லி மருந்து எடுத்து, சலைன் சேர்த்து மொத்தம் 50 மில்லியாக்குகிறோம். இந்த சிரிஞ்சில் ஒரு மில்லிக்கு 480 மைக்ரோகிராம் இருக்கிறது. குழந்தைக்கு வேண்டியது நிமிடத்துக்கு 5 × 8 = 40 மைக்ரோகிராம், மணிக்கு 2400. அதை 480ஆல் வகுத்தால் 5. மணிக்கு 5 மில்லி.

டாக்டர் சொன்னதில் 2 மில்லி, அதாவது 80 மில்லிகிராம், 50 மில்லிக்குள் போகிறது. ஒரு மில்லிக்கு 1600 மைக்ரோகிராம். அதே 2400ஐ 1600ஆல் வகுத்தால் 1.5. மணிக்கு ஒன்றரை மில்லி. குழந்தைக்குள் போகும் மருந்து இரண்டிலும் ஒன்றேதான்.

இப்போது டாக்டர் முறையில் கலந்த சிரிஞ்சை அக்கா சொன்ன 5ல் ஓட்டிப் பாருங்கள். மணிக்கு 8000 மைக்ரோகிராம். கிலோவுக்கு நிமிடத்துக்கு கிட்டத்தட்ட 17. மாற்றி, அக்கா கலந்ததை ஒன்றரையில் ஓட்டினால் வெறும் 1.5தான் போகும், ரத்த அழுத்தம் ஏறவே ஏறாது. சிரிஞ்சைக் கண்ணால் பார்த்தால் இரண்டும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும்.

மூன்றால் பெருக்குவது எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்துகொள்கிறோம். மணிக்கு 1 மில்லி ஓடினால் நிமிடத்துக்கு ஒரு மில்லியின் அறுபதில் ஒரு பங்கு போகிறது. அந்தத் துளிக்குள் குழந்தையின் எடை எத்தனை கிலோவோ அத்தனை மைக்ரோகிராம் இருந்தால், கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் ஆயிற்று. அப்படியானால் ஒரு முழு மில்லிக்குள் எடையைப் போல அறுபது மடங்கு மைக்ரோகிராம் வேண்டும். 50 மில்லிக்கு மூவாயிரம் மடங்கு மைக்ரோகிராம். மில்லிகிராமில் சொன்னால் எடையின் மூன்று மடங்கு. பழைய நாளில் 100 மில்லி பாட்டிலில் கலப்பார்கள், அப்போது ஆறு மடங்கு. அதனால்தான் இதற்கு ‘ரூல் ஆஃப் சிக்ஸ்’ என்று பெயர். அட்ரினலினுக்கு 3க்குப் பதில் 0.3, அப்போது மணிக்கு 1 மில்லி என்றால் கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம்.

இந்த முறையின் அழகு தெரிகிறதா? பம்பில் உள்ள எண்ணே டோஸ். 5ல் ஓடினால் 5 மைக்ரோகிராம், 7ல் ஓடினால் 7. கால்குலேட்டரே வேண்டாம். நடுராத்திரி தூக்கக் கலக்கத்தில் அது பெரிய வரம், நான் மறுக்கவில்லை. ஆனால் விலை இருக்கிறது. ஒவ்வொரு குழந்தையின் சிரிஞ்சிலும் மருந்தின் அடர்த்தி வேறு வேறு. பக்கத்துக் கட்டிலில் இருக்கும் 11 கிலோ குழந்தைக்கு ஏற்றி வைத்த சிரிஞ்ச் கை மாறிவிட்டால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்குப் போட வேண்டும், 0.6, 0.45 என்று அளந்து எடுக்க வேண்டும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் ஜாயின்ட் கமிஷன் 2004லேயே நிலையான அடர்த்திக்கு மாறச் சொல்லி, 2008 முடிவதற்குள் ரூல் ஆஃப் சிக்ஸைக் கைவிடும்படி செய்தது இதனால்தான். நானும் இப்போது டாக்டர் பக்கம்தான். ஒரு வார்டில் ஒரு மருந்துக்கு ஒரு அடர்த்தி, மிஞ்சினால் இரண்டு. எடை மாறினால் வேகம் மட்டும் மாறட்டும்.

நான் கட்சி மாறிய கதையையும் சொல்லிவிடுகிறேன். அது நான் செய்த தப்பு. கேரள எல்லையான களியக்காவிளைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகக் குழந்தைகள் ஆம்புலன்ஸில் போய் வந்துகொண்டே இருப்பார்கள். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் பக்கம் ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குப் போவதா, திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரிக்குப் போவதா என்று வீட்டாள்கள் ரோட்டில் நின்று முடிவெடுப்பது நமக்குப் புதிதில்லை. அப்படி ஒரு ராத்திரி, உங்கள் குழந்தையின் எடையே உள்ள ஒரு குழந்தை வந்தது. கூட வந்த சிஸ்டர் பாதி மலையாளம் பாதி தமிழில் ஹேண்டோவர் கொடுத்தார், அதாவது குழந்தையின் விவரம் சொல்லி ஒப்படைத்தார்: ‘டோபா அஞ்சில் போகுது.’ நான் ‘டோபா 5’ என்று எழுதிக்கொண்டேன். வந்த சிரிஞ்ச் தீரும் தறுவாயில் இருந்தது. எங்கள் முறையில், 1600 அடர்த்தியில், புதிதாக ஒன்று லோட் பண்ணி, எழுதி வைத்த 5ஐ அப்படியே பம்பில் தட்டினேன். சில நிமிடங்களில் மானிட்டர் கத்த ஆரம்பித்தது. நாடித்துடிப்பு எகிறிக்கொண்டு போனது. எங்கள் டாக்டர் பம்பைப் பார்த்தார், சிரிஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேகத்தைக் குறைத்ததும் குழந்தை சரியானது. எனக்குத்தான் சரியாக ரொம்ப நாள் ஆனது.

அந்த சிஸ்டர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை: அந்த சிரிஞ்சில் ஒரு மில்லிக்கு எத்தனை மைக்ரோகிராம்? இந்த ஒரு எண் தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். தெரியாவிட்டால் பம்பில் தெரியும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. ஃபோனில் ஹேண்டோவர் வாங்கும்போது இன்னொன்று. நாம் எல்லோரும் எண்ணை இங்கிலீஷில்தான் சொல்கிறோம். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஆம்புலன்ஸ் இரைச்சலில் ஒன்றுபோலத்தான் கேட்கும். ‘ஒண்ணு, அஞ்சு’ என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லி உறுதி செய்யுங்கள். தமிழோ மலையாளமோ, எண்ணுக்கு இங்கே பெரிய வித்தியாசமில்லை.

சரி, கணக்கு முடிந்தது. ஆனால் நான் பார்த்த தப்புகளில் பெருக்கல் வகுத்தலில் வந்தவை குறைவு. பெரும்பாலும் கணக்குக்கு முன்னால் இருக்கும் எண்ணில்தான் கோளாறு. அதில் முதலாவது எடை. ‘ரெண்டு வயசு, பன்னிரண்டு கிலோ இருக்கும்’ என்பார்கள். வயதை இரண்டால் பெருக்கி எட்டைக் கூட்டும் பாடப்புத்தகக் கணக்கு அது. நம் வார்டில் கிடக்கும் இரண்டு வயதுக் குழந்தை ஒன்பது கிலோவாக இருப்பதைத் தினமும் பார்க்கிறேன். தராசில் போடுங்கள், கம்பளியைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். தராசில் போட முடியாத நிலை என்றால், அம்மாவிடம் கேட்டதா, கணக்குப் போட்டதா, நிறுத்ததா என்று கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். உடம்பெல்லாம் நீர் கோத்து வீங்கிய குழந்தையாக இருந்தால், வீக்கத்துக்கு முந்தைய எடையையா இன்றைய எடையையா எடுப்பது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஆம்பியூல். அட்ரினலின் ‘1:1000’ என்றால் மில்லிக்கு 1 மில்லிகிராம், ‘1:10,000’ என்றால் 0.1 மில்லிகிராம். பத்து மடங்கு வித்தியாசம் ஒரு பூஜ்யத்தில் ஒளிந்திருக்கிறது. சதவீதத்தில் எழுதியிருந்தால் பத்தால் பெருக்குங்கள்: 10 சதவீதம் என்றால் மில்லிக்கு 100 மில்லிகிராம். ரத்த அழுத்தத்துக்கான இன்னொரு மருந்தான நார்அட்ரினலினில் வேறொரு சிக்கல். பைடார்ட்ரேட் உப்பாக 2 மில்லிகிராம் என்றால் அதில் உண்மையான நார்அட்ரினலின் 1 மில்லிகிராம்தான். லேபிளில் எழுதியிருப்பது உப்பின் எடையா, மருந்தின் எடையா என்று பாருங்கள். கம்பெனி மாறும்போதெல்லாம் மறுபடியும் பாருங்கள்.

இன்சுலினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் நாட்டில் தினசரி ஆபத்து. வெளிநாட்டுப் புத்தகங்களில் இன்சுலின் என்றால் மில்லிக்கு 100 யூனிட். நம் ஃபார்மசியில் மில்லிக்கு 40 யூனிட் உள்ள வயலும் (ரப்பர் மூடி போட்ட மருந்துக் குப்பி) இருக்கும், 100 உள்ளதும் இருக்கும். 40க்கு சிவப்பு மூடி சிரிஞ்ச், 100க்கு ஆரஞ்சு மூடி. சர்க்கரை ஏறி, ரத்தத்தில் அமிலம் கூடி, கீட்டோஅசிடோசிஸில் வரும் குழந்தைக்கு 50 யூனிட் ரெகுலர் இன்சுலினை 50 மில்லி சலைனாக்கி, மில்லிக்கு 1 யூனிட் என்று வைப்பது வழக்கம். 12 கிலோ குழந்தைக்கு மணிக்கு கிலோவுக்கு 0.1 யூனிட் என்றால் மணிக்கு 1.2 மில்லி. இந்த 50 யூனிட்டை 40 வயலிலிருந்து எடுத்தால் 1.25 மில்லி, 100 வயலிலிருந்து எடுத்தால் அரை மில்லி. 40 வயலை 100 என்று நினைத்து அரை மில்லி எடுத்தால் சிரிஞ்சுக்குள் 20 யூனிட்தான் இருக்கும். ‘இன்சுலின் போட்டும் சர்க்கரை இறங்கலியே’ என்று ராத்திரி முழுக்க டோஸை ஏற்றிக்கொண்டே இருப்பார்கள். காலையில் வரும் சிஸ்டர் சரியாகக் கலந்து, ஏற்றி வைத்த அதே வேகத்தில் ஓட்டினால் குழந்தை சர்க்கரை இறங்கி மயங்கிவிடும். இன்சுலின் பிளாஸ்டிக் ட்யூபிலும் ஒட்டிக்கொள்ளும். தொடங்கும் முன் ட்யூப் வழியாகக் கொஞ்சம் கரைசலை ஓடவிட்டுக் கொட்டிவிடுங்கள்.

டைல்யூட் பண்ணுவதில் ஒரு சொல் பாக்கி. ‘10 மில்லியில் சேர்’ என்பதும் ‘10 மில்லியாக்கு’ என்பதும் வேறு. ஃபென்டனில் என்ற வலி மருந்து மில்லிக்கு 50 மைக்ரோகிராம். ஒன்றரைக் கிலோ பச்சைக் குழந்தைக்கு கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் என்றால் 1.5 மைக்ரோகிராம், 0.03 மில்லி. அதை எந்த சிரிஞ்சிலும் நம்பி அளக்க முடியாது. ஊசியின் அடிப்பகுதியில் தங்கும் மருந்தே அதைவிட அதிகமாக இருக்கும். அதன் மேலேயே சலைனை இழுத்தால் தங்கியதும் உள்ளே வந்து டோஸ் இரண்டு மூன்று மடங்காகிவிடும். அதனால் 1 மில்லி எடுத்து மொத்தம் 10 மில்லியாக்கினால் மில்லிக்கு 5 மைக்ரோகிராம், வேண்டியது 0.3 மில்லி. இதை நிம்மதியாக அளக்கலாம். 10 மில்லி சலைனில் 1 மில்லியைச் சேர்த்தால் மொத்தம் 11 மில்லி. மில்லிக்கு நாலரைதான் இருக்கும். சின்னத் தப்புதான், ஆனால் இரண்டு முறை அடுத்தடுத்து டைல்யூட் பண்ணும் மருந்தில் அது வளரும். பவுடர் வயலிலும் இப்படித்தான். பவுடரே கொஞ்சம் இடம் பிடிக்கும். முழு வயலையும் போட்டால் கவலையில்லை, அதிலிருந்து ஒரு பங்கு மட்டும் எடுப்பதானால் லேபிளில் சொன்ன அளவு தண்ணீரை மட்டும் விடுங்கள்.

எதில் கலப்பது என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதுதான், வேறு வழியில்லை. வலிப்புக்கான ஃபெனிடாயின் நார்மல் சலைனில் மட்டும். டெக்ஸ்ட்ரோஸில், அதாவது சர்க்கரைக் கரைசலில், விட்டால் கண் முன்னாலேயே திரிந்துபோகும். அதை கிலோவுக்கு நிமிடத்துக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் விடக்கூடாது. இதயத் துடிப்புக்கான அமியோடரோனும் பூஞ்சைத் தொற்றுக்கான ஆம்போடெரிசினும் நேர்மாறு, டெக்ஸ்ட்ரோஸில் மட்டும். சோடாபைகார்ப் ஓடும் லைனில் அட்ரினலின், டோபமின் சேர்த்தால் மருந்து செத்துவிடும். பொட்டாசியத்தை எந்தக் காரணத்துக்காகவும் நேராகத் தள்ளக்கூடாது, அதற்கு விளக்கமே வேண்டாம்.

பச்சைக் குழந்தைகளுக்கு மூன்று மடங்கு முறை ஏன் சரிப்படாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: தண்ணீர். ஒன்றரைக் கிலோ குழந்தைக்கு முதல் நாள் மொத்த நீரே கிலோவுக்கு 60 மில்லி என்றால் 90 மில்லிதான். மணிக்கு 5 மில்லி வேகத்தில் டோபமின் மட்டுமே ஒரு நாளில் 120 மில்லி. சாப்பாட்டுக்கு இடமேது? அதனால்தான் நியோநேட்டல் பிரிவுகளில் 3க்குப் பதில் 15ஆல் பெருக்குவார்கள். மணிக்கு 1 மில்லி போனால் 5 மைக்ரோகிராம். பெரிய குழந்தைக்கும் பம்பில் போகும் ஒவ்வொரு மில்லியையும் அன்றைய நீர்க்கணக்கில் சேருங்கள்.

ஆனால் அடர்த்தியைக் கூட்டினால் வேறு தலைவலி வருகிறது. மணிக்கு அரை மில்லி வேகம், சிரிஞ்சிலிருந்து குழந்தை வரை போகும் பி.எம். லைன் என்ற மெல்லிய ட்யூப் 1 மில்லி பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். லைனில் சலைன் நிரப்பி மாட்டியிருந்தால் மருந்து குழந்தையைத் தொட இரண்டு மணி நேரம். ‘அட்ரினலின் ஆரம்பிச்சாச்சு, ரெஸ்பான்ஸ் இல்லை’ என்று டோஸை ஏற்றுவார்கள். பிறகு எல்லாம் ஒன்றாக வந்து சேரும். லைன் முழுக்க மருந்தையே நிரப்பி, குழந்தைக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். அந்த லைனில் ஆன்டிபயாடிக் கொடுப்பது, ஃபிளஷ் பண்ணுவது, ரத்தம் எடுப்பது ஒன்றும் கூடாது. 2 மில்லி ஃபிளஷ் தள்ளினால் லைனில் நிற்கும் மருந்து முழுக்க ஒரே அடியாக உள்ளே போகும். பம்பில் சிரிஞ்சின் கம்பெனியைச் சரியாகத் தேர்ந்தெடுத்தீர்களா என்றும் பாருங்கள். சிரிஞ்சின் குறுக்களவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பம்ப் அதை வைத்துத்தான் தள்ளுகிறது.

பம்பே இல்லாத இடத்தில் மைக்ரோ டிரிப் செட்டில் 60 சொட்டு ஒரு மில்லி. அதனால் நிமிடத்துக்கு எத்தனை சொட்டோ மணிக்கு அத்தனை மில்லி. சலைனுக்கு இது போதும். டோபமினையும் அட்ரினலினையும் சொட்டு எண்ணி விடுவது கடைசி வழி. குழந்தை கையை அசைத்தாலே வேகம் மாறும்.

தப்பைப் பிடிக்க என்னிடம் இருக்கும் நாட்டு வழி ஒன்று: ஒரு சின்னக் குழந்தையின் ஒரு டோஸுக்கு மூன்றாவது ஆம்பியூலை உடைக்கப் போகிறீர்கள் என்றால் கையை நிறுத்துங்கள். பெரும்பாலும் ஒரு புள்ளி இடம் மாறியிருக்கும். இதற்கு ஒரு பெரிய விலக்கு உண்டு. நம் பக்கத்தில் ரப்பர் தோட்டம், வாழைத் தோட்டம், பாம்பு. பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான். குழந்தை சின்னது என்பதற்காகப் பாம்பு விஷத்தைக் குறைத்துக் கொடுப்பதில்லையே. பத்து வயல் என்றால் பத்து வயல். கலக்கும் சலைனை மட்டும் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி என்று எடைக்கு ஏற்பக் குறைக்க வேண்டும். எடைக்கணக்கில் ஊறிப்போன கை இங்கேதான் தயங்கி, இரண்டு வயலோடு நின்றுவிடும்.

இரண்டாவது ஆள் சரிபார்ப்பது என்று எல்லா வார்டிலும் விதி இருக்கிறது. நடப்பது என்ன? ‘அக்கா, 1.5 தானே?’ என்று கேட்கிறோம், ‘ஆமா’ என்கிறார். அது சரிபார்ப்பே இல்லை. உங்கள் விடையைச் சொல்லாதீர்கள். எடை, ஆர்டர், ஆம்பியூல் மூன்றையும் கையில் கொடுத்து அவரைத் தனியாகப் போடச் சொல்லுங்கள். இரண்டு விடையும் ஒத்தால்தான் பம்பில் கை வையுங்கள்.

இன்னொன்று. கடுமையான தொற்றால் ரத்த அழுத்தம் விழும் செப்டிக் ஷாக்கில் டோபமினைவிட அட்ரினலின் அல்லது நார்அட்ரினலின் நல்லது என்று 2020ல் வந்த சர்வதேசக் குழந்தைகள் செப்சிஸ் வழிகாட்டுதல் சொல்கிறது. உங்கள் வார்டிலும் சீக்கிரம் மாறலாம். மாறினாலும் கணக்கு இதே கணக்குதான். 1 மில்லிகிராம் அட்ரினலினை 50 மில்லியாக்கினால் மில்லிக்கு 20 மைக்ரோகிராம். உங்கள் 8 கிலோ குழந்தைக்கு கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 என்றால் மணிக்கு 48 மைக்ரோகிராம், 2.4 மில்லி.

அக்காவோடும் டாக்டரோடும் சண்டைக்குப் போகாதீர்கள். வார்டு இன்சார்ஜிடம் சொல்லி, ஒரு முறையை முடிவு செய்து சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். அதுவரைக்கும் சிரிஞ்ச் மேல் லேபிள் இல்லாமல் பம்பில் ஏற்றாதீர்கள், மற்றவர் ஏற்றினாலும் வாங்காதீர்கள். இன்று ராத்திரி உங்கள் குழந்தைக்கு, டாக்டர் முறை என்றால், இப்படி எழுதலாம்: குழந்தையின் பெயர், 8 கிலோ, தராசில் நிறுத்தது. டோபமின் 80 மில்லிகிராம், சலைனோடு மொத்தம் 50 மில்லி. 1 மில்லியில் 1600 மைக்ரோகிராம். மணிக்கு 1.5 மில்லி என்றால் கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம். கலந்த நேரம், கலந்தவர், சரிபார்த்தவர். மைக்ரோகிராம் என்பதை முழுசாக எழுதுங்கள்.